ஊகிக்காதே, அளந்து பார்

மூன்று இரவுகள் வீணாய்ப் போயின. பிழை எங்கள் நிரலில்தான் என்று நானும் என் குழுத் தோழியும் உறுதியாக நம்பியதே காரணம்.

கிளேபாங்கில் கனமழை பெய்தால் எங்கள் வீட்டுப் பின்புறத்தில் தண்ணீர் தேங்கும். அதை மனத்தில் வைத்துத்தான் சென்ற பருவக் குழுப்பணிக்கு ஒரு கருவி செய்தோம். நீர்மட்டம் உயர்ந்தால் அர்டுவினோ யூனோ பலகை அதை உணர்ந்து சிறிய பம்பை ஓடவிட வேண்டும். வாளித் தண்ணீரில் சோதித்தோம். பம்பு உறுமும், உடனே நிற்கும், ஓரிரு நொடியில் மறுபடி உறுமும், மறுபடி நிற்கும்.

முதல் இரவு நீர்மட்ட அளவை மாற்றினோம். இரண்டாம் இரவு காத்திருப்பு நேரத்தைக் கூட்டிக் குறைத்தோம். மூன்றாம் இரவு செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் நிரலை ஒட்டிக் கேட்டோம். அழகழகாகப் பதில்கள் வந்தன. அதைக் குறை சொல்ல முடியாது. பம்பு எங்கிருந்து மின்சாரம் எடுக்கிறது என்று நாங்கள் சொல்லவே இல்லையே!

நான்காம் நாள், ஆய்வுக்கூடத்தில் எங்கள் முகத்தைப் பார்த்த மூத்த மாணவர் ஒருவர் கேட்டார்: "பலகை ரீசெட் ஆகுதா இல்லையான்னு பாத்தீங்களா?" பார்க்கவில்லை. நிரலின் தொடக்கத்தில் ஒரு சொல்லை மடிக்கணினித் திரைக்கு அனுப்பும் வரியைச் சேர்த்தோம். ஒரே ஒருமுறை வர வேண்டிய அந்தச் சொல், திரை முழுக்க வரிசை கட்டி நின்றது. பம்பு கிளம்பும் ஒவ்வொரு முறையும் பலகை செத்துப் பிழைத்துக்கொண்டிருந்தது.

மல்டிமீட்டரை வைத்தோம். 5 வோல்ட்டுக்குச் சற்றே குறைவு. மின்சாரத்தில் கோளாறு இல்லை என்றுதான் அதுவும் சொன்னது. ஆசிலோஸ்கோப்பை இணைத்த பிறகே குட்டு வெளிப்பட்டது. பம்பு கிளம்பும் கணத்தில், சில மில்லிநொடிகளுக்கு மட்டும், மின்னழுத்தம் பள்ளத்தில் விழுந்து எழுந்தது. மல்டிமீட்டர் நொடிக்குச் சில முறைதான் அளவைப் புதுப்பிக்கும். அவ்வளவு குறுகிய பள்ளம் அதன் கண்ணில் படாது. பம்புக்குத் தனி மின்வழங்கி கொடுத்து, இரண்டின் கிரவுண்ட் கம்பிகளையும் ஒன்றாக இணைத்தோம். பம்பு நிற்காமல் ஓடியது. நிரலில் வேறு ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை.

எனக்கு நிரல் எழுதச் சொல்லிக் கொடுத்தார்கள், சுற்று இணைக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். ஓடாத கருவியின் முன்னால் உட்கார்ந்து என்ன செய்வது என்பதை மட்டும் யாரும் ஒரு பாடமாக நடத்தவில்லை. சலவை இயந்திரத்திலும் காரிலும் இருக்கும் குட்டிக் கணினிக்கு, நம் மடிக்கணினிபோல் திரையும் விசைப்பலகையும் கிடையாது. பிழை நிரலிலும் இருக்கலாம், கம்பியிலும் இருக்கலாம். அது என்ன நினைக்கிறது என்று எட்டிப் பார்க்கத்தான் இத்தனை கருவிகள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும்.

திரைக்குச் சொல் அனுப்புவது இலவசம், ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. 9600 வேகத்தில் ஓர் எழுத்து போய்ச் சேர ஏறக்குறைய ஒரு மில்லிநொடி ஆகும். நீளநீளமாக அச்சிட்டால் நிரலின் நேரக் கணக்கே மாறி, தேடும் பிழை ஒளிந்துகொள்ளும். சென்சாரும் பலகையும் கம்பி வழியே என்ன பேசிக்கொள்கின்றன என்று ஒட்டுக்கேட்க லாஜிக் அனலைசர் வேண்டும். எட்டுக் கம்பிகள் கொண்ட ஒன்றை நான் ஐம்பது வெள்ளிக்குள் வாங்கினேன். அதற்கான பல்ஸ்வியூ மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது.

நிரலை நடுவழியில் நிறுத்திவைத்து, உள்ளே எந்த எண் எங்கே இருக்கிறது என்று பார்க்க டிபக்கர் உதவும். சில்லுக்குள் நுழைய அது பயன்படுத்தும் வாசல்களில் பழையது ஜேடேக். பலகையில் சில்லுகள் சரியாகப் பற்றவைக்கப்பட்டுள்ளனவா என்று சோதிக்கத்தான் முதலில் அதை உருவாக்கினார்கள். 1990இல் அது அனைத்துலகத் தர விதியானது. அந்த வாசலைத் திறக்க உலகெங்கும் பயன்படும் இலவச மென்பொருள் ஓப்பன்ஓசிடி. அது எங்கே பிறந்தது தெரியுமா? ஜெர்மனியின் ஆக்ஸ்பூர்க் நகரில் டொமினிக் ராத் என்ற மாணவர் 2005இல் செய்த பட்டயப் படிப்பு ஆய்வேட்டில். நம்மைப்போல் ஒரு மாணவரின் வேலை!

யூனோ பலகையில் டிபக்கரை இணைப்பது எளிதன்று. ராஸ்பெர்ரி பை பைக்கோ வைத்திருப்பவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஒரு பைக்கோவை இன்னொரு பைக்கோவுக்கு வைத்தியராக உட்காரவைக்கலாம்.

1997 ஜூலை 4ஆம் நாள் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டருக்கும் எங்கள் பம்பின் வியாதி வந்தது. இறங்கிய சில நாள்களில் அதன் கணினி தானாக ரீசெட் ஆகத் தொடங்கியது. கோடிக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் மல்டிமீட்டரோடு யார் போவது? பொறியியலாளர்கள் பூமியிலிருந்த அதே மாதிரிக் கருவியில், எந்த வேலை எப்போது ஓடுகிறது என்பதைப் பதிவு செய்யும் வசதியை இயக்கிவிட்டு, பிழை மீண்டும் வரும்வரை காத்திருந்தார்கள். வந்தது. மிக முக்கியமான வேலை ஒன்று ஒரு பூட்டுக்காகக் காத்திருந்தது. பூட்டை வைத்திருந்ததோ முக்கியம் குறைந்த வானிலை வேலை. நடுத்தர வேலைகள் இடையில் புகுந்து வானிலை வேலையை நகரவிடவில்லை. முக்கிய வேலை குறித்த நேரத்தில் முடியாததைக் கண்ட கணினி தன்னைத்தானே ரீசெட் செய்துகொண்டது. திருத்தம் வானொலி அலை வழியே செவ்வாய்க்குப் போனது. ஏவுவதற்கு முன்பே இத்தகைய ரீசெட் எட்டிப் பார்த்திருந்தது. மீண்டும் வரவழைக்க முடியாததால் அப்போது காரணம் பிடிபடவில்லை.

நம் மாணவர்களின் அறிக்கைகளில் இப்படி ஒரு பத்தியைப் பார்க்க முடியாது. கருவி ஓடும் படம் இருக்கும், நன்றியுரை இருக்கும். மூன்று இரவுகள் இருக்காது, ஏனென்றால் அதற்கு மதிப்பெண் இல்லை. குழுப்பணிகளிலும் ரோபோட்டிக் போட்டிகளிலும் பிழைப் பதிவுக்கு ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து: என்ன பார்த்தோம், எதனால் என்று நினைத்தோம், எதை வைத்து அளந்தோம், என்ன தெரிந்தது. பத்து மதிப்பெண் கொடுத்தால்கூடப் போதும். ஆசிலோஸ்கோப் விலை அதிகம் என்பது உண்மைதான். மன்றத்துக்கு ஒன்று இருந்தால் போதும். மல்டிமீட்டர் ஆளுக்கொன்று வாங்கலாம்.

சில்லுத் தொழில் மலாக்காவுக்குப் புதிதன்று. இன்றைய இன்ஃபினியான் ஆலை, 1973இல் சீமன்ஸ் தொடங்கியது. என் அத்தை வேறொரு மின்னணுத் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் வேலை செய்கிறார். என் கதையைச் சொன்னேன். "அளக்காம எப்படிடி சொல்வீங்க?" என்றார். அவருக்கு இது ஒரு செய்தியாகவே படவில்லை.

அடுத்த மாதம் நான் படித்த இடைநிலைப்பள்ளியின் ரோபோட்டிக் மன்றத்துக்குப் போகிறேன். பையில் ஒரு மல்டிமீட்டர், என் லாஜிக் அனலைசர், வேண்டுமென்றே ஒரு கம்பியைத் தவறாக இணைத்த பலகை. எந்தக் கம்பி என்று இங்கே எழுதமாட்டேன். என் தம்பி இந்தப் பக்கத்தைப் படிப்பான்.