வானத்திலிருந்து பார்த்தால் உறுதி தெரியாது

சென்ற மாதம் எனது கைத்தொலைபேசிக்கு ஒரு காணொளி வந்து சேர்ந்தது. காணி விற்பனை நிறுவனம் ஒன்றின் விளம்பரம். ட்ரோன் கமரா வாணர் தாம்போதியைக் கடந்து, பனங்கூடல்களின் மேலாகப் பறந்து, புங்குடுதீவில் ஒரு வளவின் மீது வந்து நிற்கிறது. நான்கு எல்லைகளும் சிவப்புக் கோட்டில் மின்னுகின்றன. கீழே 'தெளிவான உறுதி' என்ற வாசகம். விலை டொலரில். பரப்புக் கணக்கில் பேசும் ஊரின் நிலத்துக்குப் பேர்ச் கணக்கு.

அந்த வளவை நான் அறிவேன். எனது தாய்வழி உறவினரின் முதுசம். பங்கு இன்றுவரை பிரிபடவில்லை. பங்காளிகளில் ஒருவர் பாரிசில், ஒருவர் ரொறன்ரோவில். மூன்றாமவர் காலமாகிவிட்டார், பிள்ளைகள் வவுனியாவில். நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டேன்: உறுதி இலக்கம் என்ன? தோம்புப் பிரதி உண்டா? ஏனைய பங்காளிகளுக்கு அறிவித்தல் கொடுத்தீர்களா? பதிலாக இன்னொரு காணொளி வந்தது. இம்முறை இசையுடன். ரொறன்ரோப் பங்காளிக்கும் அதே விளம்பரம் போயிருக்கிறது. தகப்பனின் வளவை வாங்கும்படி மகனையே அழைத்திருக்கிறார்கள்!

நான் தொழில்நுட்பத்தின் எதிரி அல்லன். எனது குற்றச்சாட்டு வேறு. விற்பதற்கு உதவும் கருவி அனைத்தையும் இந்நிறுவனங்கள் வாங்கிவைத்திருக்கின்றன. செய்மதிப் படம், ட்ரோன், வட்ஸ்அப், எந்த நகரில் எந்த ஊரவர் வாழ்கிறார் என்று பார்த்து விளம்பரத்தை அனுப்பும் வித்தை, எல்லாம் உண்டு. விற்பவருக்கு விற்கும் உரிமை உண்டா என்று வாங்குபவர் பார்க்கக்கூடிய ஒரே ஒரு தாளை மட்டும் இணையத்தில் ஏற்ற அவர்களால் முடியவில்லை. முடியவில்லையா, மனமில்லையா?

புங்குடுதீவில் இது சிறிய விடயம் அன்று. 1991இல் ஊரே இடம்பெயர்ந்தது. பலர் உறுதிகளையும் விட்டுவிட்டே ஓடினார்கள். உரிமையாளர் கடல்கடந்து வாழ, காணி பற்றைக்காடாகக் கிடக்கிறது. இத்தகைய நிலம்தான் கமராவுக்கு மிக அழகாகத் தெரியும்; கேள்வி கேட்க அங்கே ஆள் இல்லை. (கிணற்று நீர் நன்னீரா உவர்நீரா என்பதையும் கமரா சொல்லாது. தீவகத்தில் காணி பார்க்கப் போகிறவர் முதலில் ஒரு மிடறு குடித்துப் பார்ப்பார்.)

ஒல்லாந்தர் 1707இல் எழுத்தில் தொகுத்த தேசவழமை, வெளியாருக்கு விற்குமுன் உரித்துடையோருக்கு முதல் வாய்ப்பு அளிக்கச் சொல்கிறது. 1947ஆம் ஆண்டின் சட்டம் அந்த முற்கொள்வனவு உரிமையைப் பங்காளிகளுக்கும் வாரிசுகளுக்கும் வரையறுத்து நிலைநிறுத்தியது. அறிவித்தல் கொடாமல் விற்றால் அவர்கள் நீதிமன்றம் செல்லலாம். இதனை எந்தக் காணொளியில் கண்டீர்கள்?

டொலர் விலைக்கு வருவோம். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவர் இலங்கையில் காணி வாங்குவதைத் தடுக்கிறது. இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களுக்கு விலக்கு உண்டு. கனேடியக் குடியுரிமை பெற்று இலங்கைக் குடியுரிமையை இழந்த நம்மவர், புங்குடுதீவில் பிறந்தவராயினும், இச்சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவரே. வாரிசாகப் பெறலாம், விலைக்கு வாங்க முடியாது. இதை அறிந்துகொண்டே ரொறன்ரோவுக்கு விளம்பரம் அனுப்புவதும், பின்னர் 'ஊரில் உள்ள உறவினர் பெயரில் எழுதுவோம்' என்று காதோடு சொல்வதும் வியாபாரமா? அந்த உறவினர் நாளை மனம் மாறினால் காசு கொடுத்தவர் எந்த நீதிமன்றப் படியில் ஏறுவார்?

உறுதி இலக்கம், விற்கப்படும் பங்கு, அண்மையில் எடுத்த தோம்புப் பிரதி, அறிவித்தல் கொடுத்த திகதி. படத்துக்குக் கீழே இந்த நான்கையும் போட ஐந்து நிமிடம் போதும். போடாத விளம்பரத்துக்குப் பணம் அனுப்பாதீர்கள்.

காணி உள்ளவர்களுக்கு ஒன்று. 1927ஆம் ஆண்டின் ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி, உங்கள் காணி தொடர்பான எந்த உறுதி பதிவுக்கு வந்தாலும் உங்களுக்கு அறிவிக்குமாறு காணிப் பதிவகத்தில் முன்கூட்டியே கோரிக்கை பதியலாம். எனது உறவினர்கள் மூவர் தரப்புக்கும் கடந்த ஞாயிறு இதை எழுதி அனுப்பினேன். பாரிசிலிருந்து மட்டும் இன்னும் பதில் வரவில்லை.