கார்ல்டன் கிட்டோவும் ‘கிக்’ தொழிலாளரும்

பெங்களூரில் 1942ஆம் ஆண்டு பிறந்து, 2016இல் கொல்கத்தாவில் மறைந்த கிதார் கலைஞர் கார்ல்டன் கிட்டோவைத் தமிழ் வாசகர்கள் பலர் அறிந்திருக்க வாய்ப்பில்லை. ஆசிரியர் எவரிடமும் பயிலாமல், இசைத்தட்டுகளைக் கேட்டுக் கேட்டே கற்றவர். அமெரிக்கக் கறுப்பின மக்கள் படைத்த ஜாஸ் இசையின் கடினமான கிளையாகிய ‘பீபாப்’பை வாழ்நாள் முழுவதும் இந்திய மண்ணில் வாசித்தவர். அவரைப் பற்றி ஓர் இடதுசாரி ஏடு ஏன் எழுத வேண்டும் என்ற கேள்வி எழலாம். எழுத வேண்டிய கடன் நமக்குச் சற்றுக் கூடுதலாகவே இருக்கிறது.

ஜாஸுக்கும் ராக்குக்கும் தாய் ‘ப்ளூஸ்’. அடிமை முறை சட்டப்படி ஒழிந்த பின்னரும் குத்தகைக் கடனில் கட்டுண்டு கிடந்த மிசிசிப்பிப் பருத்திக் காட்டு உழவர்களின் பாட்டு அது. அவர்கள் பிழைப்புத் தேடி வடக்கே தொழில் நகரங்களுக்குக் குடிபெயர்ந்தபோது பாட்டும் உடன் சென்றது. இரைச்சல் மிகுந்த சிகாகோ மதுக்கூடங்களில் கிதார் மின்சாரம் ஏற்றுக்கொண்டது. பின்னர் அந்த ஒலியை வெள்ளை இளைஞர்கள் கைக்கொண்டு ‘ப்ளூஸ் ராக்’ ஆக்கியதும், இசைத்தட்டு நிறுவனங்கள் கோடிகளைக் குவித்ததும் உலகறிந்த கதை.

மொழிபெயர்ப்பாளனுக்கு ‘ப்ளூஸ்’ ஒரு தொல்லையான சொல். ‘நீலங்கள்’ என்று பெயர்த்தால் பொருளற்றுப் போகும். ‘சோக கீதம்’ என்றால் திரைப்பாட்டு வாடை அடிக்கும். ஆனால் நெய்தல் நம்மிடம் இருக்கிறது. மலரோ நீலம், அத்திணையின் உரிப்பொருளோ இரங்கல். சாவு வீட்டில் முழங்கும் பறைக்கும் நெய்தல் என்றே சங்கப் புலவர்கள் பெயரிட்டிருக்கிறார்கள். நீல நிறத்தையும் துயரத்தையும் இசைக்கருவியையும் ஒரே சொல்லில் கட்டிய மொழிக்கு ப்ளூஸ் அந்நியமாகத் தோன்றக் காரணமில்லை.

1938 டிசம்பரில் நியூயார்க் கார்னகி அரங்கில் ஜான் ஹாமண்ட் ஒரு நிகழ்ச்சியை நடத்தினார். வெள்ளையரின் புகழ்பெற்ற மேடையில் கறுப்பின மக்களின் ஆன்மிகப் பாடல் முதல் ஸ்விங் வரை ஏறியது. இதற்கு ஆதரவளித்தது அமெரிக்கக் கம்யூனிஸ்டுகளின் ‘நியூ மாஸஸ்’ ஏடு. அந்நிகழ்ச்சிக்காக ஹாமண்ட் தேடிய ப்ளூஸ் மேதை ராபர்ட் ஜான்சன் சில மாதங்களுக்கு முன்பே இறந்திருந்தார். அவருக்குப் பதிலாகப் பிக் பில் புரூன்ஸி பாடினார். மறு ஆண்டு அதே மேடையின் இரண்டாம் நிகழ்ச்சியில் மின் கிதாருடன் தோன்றிய கறுப்பின இளைஞர் சார்லி கிறிஸ்டியன். தாளத்துக்குத் துணை நின்ற கிதாரை முன்வரிசைக்குக் கொண்டுவந்த அவர், 1942 மார்ச்சில் தமது 25ஆம் வயதில் காசநோய்க்குப் பலியானார். காசநோய் எவருடைய நோய் என்பதை இவ்வேட்டின் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை.

அந்தச் சார்லி கிறிஸ்டியனின் வழியில்தான் பெங்களூரின் கிட்டோ கிதாரைக் கற்றார். 1809இல் ஆங்கிலேயர் அமைத்த பெங்களூர்த் தண்டு தமிழ்க் கூலித் தொழிலாளரை இங்கே கொண்டுவந்தது. ராணுவ பேண்டு வாத்தியத்தையும் அதே தண்டுதான் கொண்டுவந்தது. இரண்டாம் உலகப் போரின்போது ஹிந்துஸ்தான் விமான ஆலை அமெரிக்க விமானப் படையின் பழுதுபார்ப்புக் கூடமாயிற்று. படையும் வணிகமும் திறந்த வழியே எஜமானர் எண்ணாத பொருள்களும் வந்து சேர்கின்றன.

1970களில் கிட்டோ கல்கத்தா சென்றார். பார்க் தெருவின் ‘புளூ ஃபாக்ஸ்’ உணவகத்தில் லூயி பேங்க்ஸ் குழுவில் வாசித்தார். பின்னர் பேங்க்ஸ் பம்பாய் சென்று விளம்பர இசையில் பெரும்பெயர் பெற்றார். கிட்டோ கல்கத்தாவிலேயே தங்கினார். ஓட்டல் மேடைகளிலும் மாணவர்களுக்குக் கற்பிப்பதிலும் வாழ்க்கை கழிந்தது. 2010களின் தொடக்கத்தில் சுஷீல் குரியன் எடுத்த ‘ஃபைண்டிங் கார்ல்டன்’ ஆவணப்படம்தான் அவரை நாட்டுக்கு மீண்டும் அறிமுகப்படுத்தியது. தலைப்பே சொல்கிறது: கண்டுபிடிக்க வேண்டிய அளவுக்கு அவர் மறக்கப்பட்டிருந்தார்.

அந்த ஆண்டுகளில் பெரும்பகுதி அங்கே நடந்தது இடது முன்னணி ஆட்சி. நிலச் சீர்திருத்தத்திலும் பஞ்சாயத்து ஆட்சியிலும் வரலாறு படைத்த அந்த அரசில், மேற்கத்திய மெல்லிசையை ‘அபசம்ஸ்கிருதி’, அதாவது சீரழிந்த பண்பாடு, என்று முத்திரை குத்திய குரலும் ஒலித்தது. 1980களில் பொதுப்பணி அமைச்சர் ஜதின் சக்கரவர்த்தி, தமிழ்க் குடும்பத்தில் பிறந்து சென்னை மவுண்ட் ரோடு விடுதி ஒன்றில் பாடத் தொடங்கிய உஷா உதூப்பைக் குறிவைத்தார். அவர் நீதிமன்றம் செல்ல நேர்ந்தது. ஏகாதிபத்தியப் பண்பாட்டை எதிர்ப்பது சரியே. ஆனால் ஏகாதிபத்தியத்தின் வயிற்றுக்குள் ஒடுக்கப்பட்டவர் எழுப்பிய குரலை ஏகாதிபத்தியத்தின் குரல் என்றே எண்ணியது தவறு. ‘நியூ மாஸஸ்’ தோழர்கள் 1938இலேயே அறிந்திருந்த வேறுபாடு இது. மார்க்சிய வரலாற்றாசிரியர் எரிக் ஹாப்ஸ்பாம், பிரான்சிஸ் நியூட்டன் என்ற புனைபெயரில் ஜாஸ் விமர்சனம் எழுதியவர். அந்தப் பெயரைக்கூட ஒரு கம்யூனிஸ்டு எக்காளக் கலைஞரிடமிருந்தே கடன் வாங்கினார்.

பெங்களூர் ஆட்சியாளர்களின் பார்வை வேறு வகை. பொது கேளிக்கை இடங்களுக்கான 2005ஆம் ஆண்டு காவல்துறை ஆணை, நேரடி இசையையும் கேபரே நடனத்தையும் டிஸ்கோவையும் ஒரே உரிமக் கட்டுக்குள் வைத்தது. 2018 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. உரிமம் பெறும் அலைச்சலுக்கு அஞ்சிய பல பப்புகள் மேடையை அகற்றின. முதலாளிக்கு ஒரு மூலை காலியாயிற்று. வாசித்தவருக்கு அன்றைய கூலி போயிற்று.

அந்தக் கூலிக்கு ஜாஸ் கலைஞர்கள் வைத்திருந்த பெயரிலிருந்து பிறந்ததுதான் இன்று நாம் நாள்தோறும் எழுதும் சொல். ஓர் இரவு வாசிப்பு வேலைக்குக் கறுப்பினக் கலைஞர்களிடையே வழங்கிய சொல் ‘கிக்’. நிரந்தரம் இல்லை, ஓய்வூதியம் இல்லை, நோய் வந்தால் ஊதியம் இல்லை. (தமிழில் இச்சொல் போதையை நினைவூட்டுவதால் அச்சுக்கோப்பில் ஒவ்வொரு முறையும் மேற்கோள் குறி போட வேண்டியிருக்கிறது, உழைப்பவனுக்கு இதில் கிக் ஏதுமில்லை.) இசைக் கலைஞரின் நிச்சயமின்மையை ஸ்விக்கியும் சொமாட்டோவும் ஊபரும் இலட்சக்கணக்கானவருக்கான வேலை முறையாக மாற்றிவிட்டன.

தொழிற்சங்கங்களின் இடைவிடாத போராட்டத்தின் பின், கர்நாடக அரசு 2025இல் ‘கிக்’ தொழிலாளருக்கான சமூகப் பாதுகாப்புச் சட்டம் இயற்றியது. நல வாரியம், நிறுவனங்களிடமிருந்து 1 முதல் 5 சதவீதம் வரை நல நிதிக் கட்டணம், காரணமின்றிக் கணக்கை முடக்குவதற்கு எதிரான காப்பு ஆகியன அதில் உள்ளன. வரவேற்கத்தக்க முன்னேற்றம். ஆனால் செயலி வழியே வேலை பெறுபவரையே அது தழுவுகிறது. இந்திராநகரிலும் சர்ச் தெருவிலும் மேலாளரின் வாய்மொழிப் பேச்சில் சனிக்கிழமை இரவு வாசிக்கும் கிதார் கலைஞர், டிரம்ஸ் வாசிப்பவர், ஒலிப்பெருக்கி இயக்குபவர் ஆகியோர் இதற்கு வெளியே நிற்கிறார்கள். சொல்லைத் தந்தவருக்குச் சட்டத்தில் இடமில்லை.

தமிழ்நாட்டில் நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு நல வாரியம் இருக்கிறது. பறை, நாதஸ்வரக் கலைஞர்கள் அதில் பதிவு செய்துகொள்ள முடியும். அதுபோன்ற வாரியத்தைக் கர்நாடகம் அமைக்குமானால், மேற்கத்தியக் கருவி என்ற காரணத்தால் கிதாரை விலக்காமல் இருக்க வேண்டும். எழுத்து வடிவ ஒப்பந்தம், வாசித்த இரவே ஊதியம், விபத்துக் காப்பீடு ஆகிய மூன்றையும் பெங்களூரில் ‘கிக்’ தொழிலாளரைத் திரட்டிவரும் தோழர்கள் தங்கள் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். உறுப்பினர் படிவத்தில் ‘தொழில்’ என்ற இடத்தில் ‘கிதார்’ என்று எழுதப்பட்டிருந்தால் வாங்கிக்கொள்ளத் தயங்க வேண்டாம்.