அம்மாவோட டிரங்குப் பெட்டியும் 108 கட்டமும்

போன வாரம் ஹாஸ்டல் சாம்பாரைப் பத்தி எழுதி நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன். அதனால இந்த வாரம் யாருக்கும் வம்பில்லாத சப்ஜெக்ட். துணி! அதுவும் புதுத் துணி இல்ல பாஸ், வெட்டி மிஞ்சின துணி. (இதுலயும் வம்பு வந்துச்சு. அது பின்னாடி.)

எங்க அம்மா உசிலம்பட்டியில வீட்டு முன்னாடியே மெஷின் போட்டு ப்ளவுஸ் தைக்கிறாங்க. எனக்கு நினைவு தெரிஞ்சதுலருந்து அந்த 'டக டக டக'தான் எங்க வீட்டு பேக்ரவுண்ட் மியூசிக். கட்டிலுக்கு அடியில ரெண்டு டிரங்குப் பெட்டி, பரண்ல நாலு கட்டைப்பை, அத்தனையிலும் துணி. 'மிச்சத் துணியை டைலர் அமுக்கிடுவாங்க'ங்கற பழி உலகத்துல இருக்கற எல்லா டைலர் மேலயும் உண்டு. அம்மா அந்தப் பேச்சுக்கே இடம் வைக்கிறதில்ல. தச்ச ப்ளவுஸோட மிச்சத்தையும் சுருட்டி ஊக்கு குத்திக் கொடுத்துடுவாங்க. வாங்கறவங்கள்ல பாதிப் பேர், "நீயே வச்சுக்க மதினி, எங்க வீட்ல எலிதான் கடிக்கும்"னு திருப்பிக் கொடுத்துட்டுப் போயிடுவாங்க. இருபது வருஷமா அப்படிச் சேர்ந்த சொத்து இது.

இதுபோக விசேஷ வீட்டு ஜாக்கெட் பிட். எங்க பக்கம் காதுகுத்து, கல்யாணம், வீடு குடிபோறதுன்னு எதுக்குப் போனாலும் வெத்தலை பாக்கோட ஒரு பிட்டு கைக்கு வந்துடும். அதுல முக்கால்வாசி பளபளன்னு பாலியஸ்டர். யாரும் தைக்க மாட்டாங்க, அடுத்த விசேஷத்துக்குத் தள்ளி விட்டுடுவாங்க. எங்க வீட்லருந்து கிளம்பின வாடாமல்லி கலர் பிட் ஒண்ணு நாலு வீடு சுத்திட்டு எங்க வீட்டுக்கே திரும்பி வந்திருக்கு. ரிட்டர்ன் டிக்கெட்!

சரி, திடீர்னு இந்தத் துணி மேல எனக்கென்ன பாசம்? அக்கா தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கா. பிறக்கப்போற மருமகப் பிள்ளைக்கு மாமன் சீரா ஒரு குயில்ட் போர்வை நானே தைக்கறதுன்னு முடிவு பண்ணினேன். (மெஷின் மிதிக்க எனக்கு எட்டாவதுலயே தெரியும். கிளாஸ்ல யாருக்கும் சொன்னதில்ல. இப்ப சொல்லிட்டேன், கலாய்க்கிறவங்க கலாய்ச்சுக்கோங்க.)

குயில்ட்ன்னா பெரிய வித்தை எல்லாம் இல்ல. மேல துண்டு துண்டா ஒட்டின துணி, நடுவுல பஞ்சு இல்லேன்னா பழந்துணி, அடியில ஒரு முழுத் துணி. மூணையும் சேர்த்துத் தையல் ஓட்டினா முடிஞ்சது. வங்காளத்துக் காந்தா பழைய சேலைகளை அடுக்கித் தைக்கிறதுதான். தையல் நூலைக்கூட சேலைக் கரையிலருந்தே உருவியிருக்காங்க. கர்நாடகாவுல சித்தி இனப் பெண்கள் போடற 'கவண்டி' ஓரத்துல ஆரம்பிச்சு சுத்திச் சுத்தி நடுவுக்கு வரும். அமெரிக்காவுல அலபாமா மாநிலத்து ஜீஸ் பெண்ட் கிராமத்துக் கறுப்பினப் பெண்கள், வயக்காட்டு வேலைக்குப் போட்டுக் கிழிஞ்ச துணியில தச்ச போர்வைகள் 2002ல ஹூஸ்டன், நியூயார்க் மியூசியங்கள்ல சுவத்துல தொங்கினது. 2006ல தபால் தலையாவும் வந்துச்சு. நம்ம சென்னையிலயே 2019ல இந்தியா குயில்ட் ஃபெஸ்டிவல் நடந்திருக்கு. அங்கெல்லாம் இது பெரிய ஹாபி. கடை கடையா வாங்கி வீடு நிறைய துணி சேர்ப்பாங்க. 'சேபிள்'னு ஒரு வார்த்தையே வச்சிருக்காங்க. ஆயுசுக்குள்ள தச்சுத் தீர்க்க முடியாத அளவுக்குச் சேர்ந்த துணின்னு அர்த்தம். அம்மாகிட்ட சொன்னேன். "அப்ப நமக்கும் அதான்டா"ன்னாங்க.

கணக்கு போட்டேன். போர்வை 36க்கு 48 இன்ச். ஒரு கட்டம் தச்ச பிறகு 4 இன்ச், அப்ப சுத்தி கால் இன்ச் விட்டு நாலரை இன்ச்சுக்கு வெட்டணும். குறுக்க 9, நெடுக்க 12. மொத்தம் 108! நானா பிளான் பண்ணலைங்க, தானா அமைஞ்சது. 80 சென்டிமீட்டர் பிட்டு ஒண்ணுல, 36 இன்ச் அகலத்துல ஓரம் போக, 42 கட்டம் வரும். அதாவது வெறும் மூணு பிட்டு போதும். மூணு பிட்டுக்கா ரெண்டு டிரங்குப் பெட்டி? எனக்குள்ள இருந்த இன்ஜினீயர் முழிச்சுக்கிட்டான்.

முதல் வேலை, பருத்தியையும் பாலியஸ்டரையும் பிரிக்கிறது. பச்சைக் குழந்தைக்குப் பருத்திதான். துண்டுல நாலு நூலை உருவி நெருப்புல காட்டுங்க. பருத்தின்னா பேப்பர் எரியற வாசனை, தொட்டா உதிர்ற சாம்பல். பாலியஸ்டர்னா உருகிச் சுருண்டு கறுப்பா ஒரு மணி மாதிரி இறுகிடும். கலப்புத் துணி ரெண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்யும். ப்ளவுஸ் துணியில '2 பை 2'ன்னு சொல்றாங்களே, பாவு ஊடை ரெண்டுமே ரெட்டைப் புரி நூல்ங்கறதுதான் அது. அந்தக் காட்டன் ரூபியா கைக்கு வழுவழுன்னு, ஊசிக்கு லேசா, வெட்டினா நேரா நிக்கும். எங்க பெட்டியில தேறினது பெரும்பாலும் அதுதான். திருப்பூர் பனியன் கட்டிங் கிலோ கணக்குல கிடைக்குதேன்னு கேட்கறீங்களா? அது இழுத்தா நீளும். நெசவுத் துணியோட சேர்த்துத் தச்சா கட்டம் கோணிக்கும். வண்டி துடைக்க வச்சுக்கங்க.

பெட்டியில பளிச்சுனு ஒரு சிவப்பு இல்ல. அதை வாங்க மதுரைக்குக் கிளம்பினேன். அகலப் பாதைக்காக வருஷக்கணக்கா மூடிக் கிடந்து 2022 மே மாசம் மறுபடி ஓட ஆரம்பிச்ச எங்க ஊர் ரயில்லதான் போனேன். துணிக்கு விளக்குத்தூண், பத்துத்தூண் சந்துப் பக்கம் போகணும். சின்ன வயசுல அம்மா கூட வந்தப்போ புது மண்டபத்துல திருமலை நாயக்கர் காலத்துத் தூணுங்களுக்கு நடுவுல டைலருங்க வரிசையா மெஷின் மிதிச்சுக்கிட்டு இருந்தாங்க. அந்தக் கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாத்திட்டாங்க. தூணு இல்லாம மெஷின் சத்தம் எனக்கு என்னவோ போல இருந்துச்சு.

ஒரு கட்பீஸ் கடையில மிளகாய்ப்பழச் சிவப்புல அரை மீட்டர். "சாயம் போகுமாண்ணே?" "போகவே போகாது தம்பி." வீட்டுக்கு வந்து வாளியில போட்டா, ரோஸ்மில்க்! நாலு அலசல் அலசியும் தண்ணி தெளியல. உப்பு போட்டா சாயம் நின்னுடும்னு பக்கத்து வீட்ல சொன்னாங்க. அதெல்லாம் சாயம் ஏத்தும்போது உப்பு பார்க்கற வேலை. ஏறின பிறகு ஓடற சாயத்தை அது பிடிச்சு நிறுத்தாது. இப்ப எனக்குத் தெரிஞ்ச வழி இதுதான்: ஒரு முனையை நனைச்சு வெள்ளைத் துணிக்கு அடியில வச்சு சூடா அயர்ன் பண்ணிப் பாருங்க. வெள்ளை சிவந்துச்சுன்னா அதைப் போர்வையில சேர்க்காதீங்க. புதுத் துணி எதுவானாலும் துவைச்சுக் காயவச்ச பிறகுதான் கத்தரி எடுக்கணும். பருத்தி முதல் துவையல்ல சுருங்கும். தச்ச பிறகு சுருங்கினா பக்கத்துக் கட்டத்தையும் சேர்த்து இழுத்துக்கும்.

அடுத்து ஸ்டோரேஜ். பூச்சி வரக் கூடாதேன்னு ரெண்டு பெட்டியிலயும் அந்துருண்டையை அள்ளிப் போட்டேன். மூடியைத் திறந்த அக்கா கத்தின கத்து தேனி வரைக்கும் கேட்டிருக்கும். அவ நர்ஸ். அந்துருண்டையில இருக்கற நாப்தலின் புகை, ஜி6பிடி என்சைம் குறைபாடு உள்ள பச்சைக் குழந்தைக்கு ரத்தச் சிவப்பணுக்களையே சிதைச்சு, காமாலையில கொண்டுபோய் விட்டுடுமாம். குறைபாடு இருக்கா இல்லையான்னு பார்த்தா தெரியாது. அதனால குழந்தைத் துணிகிட்ட அது போகவே கூடாதுன்னா. எல்லாத்தையும் எடுத்துத் திரும்பத் துவைச்சுக் கொடியில போட்டோம். இப்ப பெட்டியில நிழல்ல காயவச்ச வேப்பிலைதான், பழைய வேட்டித் துணியில முடிஞ்சு. அம்மா சொல்ற பாக்கி ரெண்டு: கஞ்சி போட்ட துணியை உள்ள வைக்காத (பூச்சிக்கு அது விருந்து), ஈரம் துளிகூட இருக்கக் கூடாது. மூணு மாசத்துக்கு ஒருக்கா மடிப்பையும் மாத்தி மடிப்பாங்க. ஒரே மடிப்புல கிடந்தா அந்தக் கோட்டுலயே துணி நைஞ்சு போகும்.

இப்ப வம்புக்கு வர்றேன்.

அம்மா ஒருநாள் மருந்து வாங்க மதுரைக்குப் போயிருந்தாங்க. நான் ரெண்டு பெட்டியையும் கொட்டி, கலர் வாரியா அடுக்கிட்டேன். அரக்கு ஒரு கட்டு, மயில்கழுத்து ஒரு கட்டு, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, கத்தரிப்பூ, பொடிக் கலர். வானவில் மாதிரி! சுருட்டி ஊக்கு குத்தியிருந்த பழைய கட்டுகளையும் அதுல இருந்த துண்டுச் சீட்டுகளையும் குப்பைன்னு அடுப்புல போட்டேன். 108 கட்டத்தையும் வெட்டி, ஒன்பது வரிசை தச்சும் முடிச்சுட்டேன்.

அம்மா வந்து பெட்டியைத் திறந்தாங்க. திட்டல. அதான் பயமா இருந்துச்சு. "சீட்டு எங்கடா?"ன்னு மட்டும் கேட்டாங்க.

விஷயம் என்னன்னா, அம்மா அடுக்கி வச்சிருந்தது வீட்டு வாரியா. எந்த வீட்டுத் துணி, யாருக்குத் தச்சது, எப்ப தச்சது. ரெண்டு வருஷம் கழிச்சு அந்த ஜாக்கெட் அக்குள்ல கிழிஞ்சா, இல்ல உடம்பு போட்டு இறுக்கினா, அதே துணியில ஒட்டு வச்சுப் பிரிச்சு விடணும். கடையில போய்த் தேடினா அதே கலர் கிடைக்காது. அதுக்காகத்தான் இருபது வருஷமா எதையும் தூக்கிப் போடாம இருந்திருக்காங்க. 'வச்சுக்க மதினி'ன்னு கொடுத்துட்டுப் போனவங்க துணியையும் அவங்களுக்காகவே பத்திரப்படுத்தியிருக்காங்க. டேட்டாபேஸ்ல எனக்கு 'ஏ' கிரேடு. வீட்ல ப்ரைமரி கீயை அழிச்சுட்டு கலரை வச்சு சார்ட் பண்ணியிருக்கேன்!

அன்னியிலருந்து ஒரு வாரம் சாயங்காலமானா எங்க வீட்டு வாசல்ல அடையாள அணிவகுப்பு. தெருப் பொம்பளைங்க உக்காந்து துணியைப் புரட்டிப் புரட்டிச் சொல்ல, நான் சீட்டு எழுதினேன். "இது எங்க மூத்தவ காதுகுத்துக்கு எடுத்தது." "இதப் போட்டுக்கிட்டுத்தான் எங்க மாமியா சாவுக்குப் போனேன், பெறகு போடவே இல்ல." அம்மா மெஷின்ல இருந்தே, "அது உன்னோடது இல்ல, அதுல கரை இருக்குல்ல, பாரு"ன்னு திருத்துவாங்க. முக்கால்வாசி தேறிடுச்சு. ஒரு முப்பது துண்டு மட்டும் யாருடையதுன்னு தெரியாமலே கிடக்கு.

மூணாம் நாள் பின் தெரு சின்னம்மா ஒரு அரக்கு ஜாக்கெட்டோட வந்தாங்க. மகளுக்கு நிச்சயதார்த்தம், அந்தச் சேலைக்கு அந்த ஜாக்கெட்தான், கை ஏறலை. என் அரக்குக் கட்டுல ஏழு அரக்கு. வெளிச்சத்துல வச்சுப் பார்த்தா ஏழும் ஏழு கலர். எதுவும் சேரலை. அம்மா என்னைப் பார்த்தாங்க. நான் போர்வையை எடுத்துட்டு வந்து விரிச்சேன். ஏழாவது வரிசையில ஒண்ணு, எட்டாவதுல ஒண்ணு. அதேதான்.

பிளேடை எடுத்து நானே பிரிச்சேன். ஒரு கட்டத்துக்கு நாலு பக்கம், சின்னத் தையல், அவ்வளவு சீக்கிரம் வராது. ரெண்டு அக்குளுக்கும் சரியா ரெண்டு துண்டு. அம்மா அன்னிக்கு ராத்திரியே ஒட்டு வச்சு முடிச்சுட்டாங்க. போர்வையில ரெண்டு சதுர ஜன்னல்.

மறுநாள் காலையில வெள்ளன சின்னம்மா வந்து ஒரு துணியை நீட்டினாங்க. மாம்பழ மஞ்சள் சுங்குடி, அங்கங்க புள்ளி மட்டும் மிச்சம்.

"இத வச்சுத் தையிப்பா. எங்க ஆத்தா சேலை. சாயம் போறதுக்கு இனிமே அதுல ஒண்ணுமில்ல."

ரெண்டு கட்டம் வெட்டிட்டு மிச்சத்தைச் சுருட்டி, ஊக்கு குத்தி, சீட்டுல பேர் எழுதி அம்மா பெட்டியில வச்சேன். இன்னும் மூணு வரிசை பாக்கி, அப்புறம் அம்மாவோட பழைய சேலையில அடித்துணி. அக்காவுக்குத் தேதி இன்னும் மூணு வாரம் இருக்கு. நடுவுல எனக்கு இன்டர்னல்ஸ் வேற!