குடியை விட்டவன் ஏன் சிரிக்கலை?

போன வாரம் மூலக்கொத்தளத்துல தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். நான் குடியை விட்டது ஊருக்கே தெரியுமே, பக்கத்து வீட்டம்மா தயங்கித் தயங்கி வந்து கேட்டாங்க: "அண்ணே, எங்க வீட்டுக்காரர் விட்டு ஒன்றரை மாசமாச்சு. சுவத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கார். குடிச்சப்பவாவது நாலு வார்த்தை பேசுவார்."

எனக்குப் பகீர்னு ஆயிடுச்சு. நானும் அதே தெருவுல அப்படித்தான் உக்காந்திருந்தேன்.

போன வருஷம் ஐப்பசியில நானா நிறுத்தினேன். ரெண்டாம் நாளே கையெல்லாம் நடுக்கம். மீஞ்சூர்லேர்ந்து மாப்பிள்ளை கூட்டிட்டு வந்து ஸ்டான்லியில காட்டினார். நிறைய குடிக்கிறவன் திடீர்னு நிறுத்தினா வலிப்பு வரும், உயிரே போகலாம்னு டாக்டர் சொன்னப்பதான் தெரிஞ்சுது. மாத்திரையில நடுக்கம் அடங்கிடுச்சு. அதுக்கப்புறம்தான் அந்த இருட்டு வந்தது. விடியக்காலம் மூணு மணிக்கே முழிப்பு. சோறு இறங்கலை. நவரைக்கு நாத்து விடணும்னு பையன் போன் பண்ணான், யாரோ அடுத்தவன் நிலத்தைப் பத்திப் பேசுற மாதிரி இருந்துச்சு.

"குடியைத்தான் விட்டாச்சே, இன்னும் என்ன மூஞ்சி?"ன்னு கேட்காத ஆளில்லை. இந்தக் கேள்விதான் தப்புங்கிறேன். நட்ட நாத்தே வேர் பிடிக்கிற வரைக்கும் வாடுது. இத்தனை வருஷம் சாராயத்துல ஊறின மூளை உடனே தெளிஞ்சிடுமா? அந்த நேரத்துல 'ஒரு குவார்ட்டர் போட்டா சரியாயிடும்'னு உள்ளேயே ஒரு குரல் கேட்கும். நிறைய பேர் திரும்ப விழுறது அங்கதான்.

ரெண்டு மூணு வாரத்துல சிலருக்குத் தானா தெளிஞ்சிடுமாம். எனக்கு நாலு வாரம் தாண்டியும் போகலை. மனச்சோர்வுன்னு தனியா மாத்திரை எழுதினாங்க. 'பைத்தியத்துக்கு மாத்திரை'ன்னு ஊர்ல சொன்னாங்க, சொல்லிட்டுப் போகட்டும். சர்க்கரைக்குப் போடலையா?

2003லேர்ந்து அரசாங்கமே டாஸ்மாக்ல சில்லறைக்கு விக்குது. குடியை விட்டவன்கிட்ட வாரம் ஒரு நாள் பேச ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு ஆளை அனுப்பக் கூடாதா? 14416ன்னு ஒரு நம்பர் இருக்கு, டெலிமானஸ். காசில்லை, தமிழ்லயே பேசலாம். டாஸ்மாக் வாசல்ல அதைப் பெருசா எழுதி வைக்கலாமே.

வர்ற திங்கக்கிழமை அந்தம்மா வீட்டுக்காரரை ஸ்டான்லிக்குக் கூட்டிட்டுப் போறோம். மாப்பிள்ளைக்கு ஹார்பர்ல அன்னைக்கு நைட் ஷிப்ட், அதனால காலையில அவரும் வர்றார். இந்தத் தடவை நாத்து விடுறதைப் பையன் பாத்துக்குவான்.