காகிதத்திற்கும் ஜாதியா?

சுங்கை ஆயர் தாவாரைச் சுற்றியுள்ள தோட்டங்களில் காவடிக்கு மயில் வேண்டுமானாலும், தேருக்குத் தாமரை வேண்டுமானாலும், மூங்கிலையும் வர்ணக் காகிதத்தையும் கொண்டு செய்து தருகிற முதியவர் ஒருவர் இருக்கிறார். சென்ற தைப்பூசத்தின்போது ஒரு தோட்டத்துக் கோயிற் குழுவினர் அவருடைய வேலை வேண்டாமென்று தள்ளிவிட்டு, பட்டணத்துக் கடையிலிருந்து பிளாஸ்டிக் பூவும் பிளாஸ்டிக் மயிலும் வாங்கி வந்தார்கள். காரணம் என்னவென்று கேட்டோம். "பாடை கட்டுகிற கை சாமி காரியத்திற்கு ஆகாது" என்பதாகப் பதில் வந்தது.

அப்படியானால் நாமும் சில கேள்விகள் கேட்கிறோம். அந்தப் பிளாஸ்டிக் மயிலை வார்த்த தொழிற்சாலைக்காரன் என்ன ஜாதி, அன்று காலை அவன் என்ன தின்றுவிட்டு வேலைக்கு வந்தான் என்று குழுவினர் விசாரித்தார்களா? நாளை தங்கள் வீட்டில் இழவு விழுந்தால் அதே முதியவருக்குத்தானே ஆளனுப்பப் போகிறார்கள்? பாடைக்கும் காவடிக்கும் காகிதம் வாங்குவது ஒரே சீனர் கடையில். நறுக்குவது ஒரே கத்தரிக்கோல். தீட்டு எந்த இடத்தில் ஒட்டிக்கொண்டதோ தெரியவில்லை, பசையிலிருந்தாலும் இருக்கலாம்!

அவ்வேலையை அருகிலிருந்து பார்த்தவர்கள் அதை இலேசாகப் பேசமாட்டார்கள். மூங்கிலைச் சன்னமாய்ப் பிளந்து வளைத்து, நூலால் இறுக்கி, முதலில் எலும்புக் கூட்டைப் போல உருவத்தை நிறுத்துகிறார். பிறகு காகிதத்தைப் பல மடிப்பாய் மடித்து, கோடு கூடப் போடாமல் கத்தரிக்கிறார். பிரித்தால் முப்பது இதழும் ஓரளவாய் இருக்கின்றன. காகிதத்திற்கும் மரத்தைப் போல நாரோட்டம் உண்டு. ஓட்டத்தையறிந்து கத்தரி முதுகால் இழுத்தால் இதழ் உயிருள்ளது போற் சுருளும். அறியாமல் இழுத்தால் மடிந்து ஒடியும். இந்த அறிவு எந்தப் புத்தகத்தைப் பார்த்து வந்தது?

கிராணிமாராகிய நாமும் யோக்கியர்களல்லர். பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் 1941-ல் அறுவைச் சிகிச்சைக்குப் பின் உடல் தளர்ந்து, வர்ணந்தீட்டிய காகிதத்தைக் கத்தரித்துச் சித்திரம் அமைத்ததையும், அவை 1947-ல் 'ஜாஸ்' என்னும் புத்தகமாக வந்ததையும் இங்கிலீஷில் படித்துப் பரவசமடைகிறோம். லயத்து வாசலில் நம் கிழவர் கத்தரித்தாலோ, கூலிக்காரன் வேலை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு ஆபீசுக்குப் போகிறோம்.

"காகிதம் இரண்டு நாளில் கிழிந்து போவது, கல்லிலும் செம்பிலும் செய்வதே கலை" என்று சில பண்டிதர்கள் சொல்லுகிறார்கள். டிரினிடாட் தீவின் கரும்புத் தோட்டங்களுக்கு 1845 முதல் ஒப்பந்தக் கூலிகளாய்ப் போன இந்தியர், முகரத்தின்போது மூங்கிலாலும் காகிதத்தாலும் கோபுரம் போன்ற தாஜியாக்களைக் கட்டினார்கள். முஸ்லிம்களின் அந்தத் துக்க நாளில் இந்துக்களும் கூடித் தூக்கினார்கள். 1884-ல், ஊர்வலம் பட்டணத்திற்குள் வரலாகாதென்று சர்க்கார் தடுத்தது. மீறி நடந்தவர்களைப் போலீசார் சுட்டார்கள், பலர் மாண்டனர். இன்றும் அத்தீவின் செயின்ட் ஜேம்ஸில் அக்காகிதக் கோபுரங்களை இரவிரவாய் உழைத்துக் கட்டி, முடிவில் கடலில் விடுகிறார்கள். கிழிந்து போவதென்று அவர்களுக்குத் தெரியாதா? நம் அண்டை வீட்டுச் சீனர் ஏழாம் மாதப் பூசையில் ஆளுயரத்திற்கு மேல் கட்டும் காகித உருவமும் எரிப்பதற்கென்றே செய்யப்படுவதுதான். அதைச் செய்தவனுக்குப் பேசிய கூலி கிடைக்கிறது. அவனைக் கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்துவாரில்லை.

மோட்சத்திற்கும் காகித மயிலுக்கும் என்ன சம்பந்தமென்ற விவாதத்தை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம். இப்போது நாம் கேட்பவை சொற்பமே. அம்முதியவரைக் குழுவினர் வரவழைத்து, சொன்ன சொல்லுக்கு வருத்தம் தெரிவிக்க வேண்டும். செய்த வேலைக்கு வெற்றிலை பாக்கோடு நிறுத்தாமல் ரொக்கமாய்க் கூலி கொடுக்க வேண்டும். சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அவர் கற்பிக்க ஓர் அறை தர வேண்டும். காகிதத்திற்கும் கத்தரிக்கோலுக்கும் ஆகும் செலவைக் கிராணிமார் நாம் ஏற்கிறோம். அவருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. அடுத்த தை பிறப்பதற்குள் குழுவினர் பதில் சொல்லட்டும்.