உடல் நலிந்தவன் உறவு நலிந்தவன் அல்லன்

ஒருவனின் வாழ்வை அளந்து பார்க்க உலகத்தார் கையில் வைத்திருக்கும் அளவுகோல்களிற் பெரும்பாலானவை அவன் காலையும் கையையும் சார்ந்தனவாகவே உள்ளன. நடந்தானா, ஓடினானா, பொருளீட்டினானா, மணந்து கொண்டானா என்று கேட்கின்றனர். இல்லை என்று விடை வந்தவுடன் ‘அந்தோ’ என்றொரு சொல்லைச் சொல்லி ஏட்டை மூடி விடுகின்றனர். அவ்வளவுகோல் எத்துணைப் பொய்யானது என்பதை, நார்வே நாட்டு இளைஞன் ஒருவன் மறைந்த பின்னர், அவனைப் பெற்றவர்களே உணர நேர்ந்தது.

அவ்விளைஞனின் பெயர் மாட்சு சுடீன். ஓசுலோ நகரில் வாழ்ந்தவன். 1989-இல் பிறந்து, 2014 நவம்பர் 18-ஆம் நாள், 25 அகவையில் மறைந்தவன். சிறு குழந்தையாய் இருந்தபோதே அவனுக்குத் துசேன் தசைநலிவு நோய் உள்ளதென மருத்துவர்கள் கண்டுரைத்தனர்.

பிரஞ்சு மருத்துவர் துசேன் என்பார் 1860-களில் விரித்தெழுதியதால் அவர் பெயரைத் தாங்கி நிற்கும் அந்நோய், பிறக்கும் ஆண் குழந்தைகளில் ஏறத்தாழ 3,500 முதல் 5,000 பேருக்கு ஒருவரைப் பற்றுகின்றது. தசையிழை கிழிபடாமல் காக்கும் புரதம் ஒன்றை ஆக்குதற்குரிய மரபணு பழுதுபடுவதே அதற்குக் கரணியம். அம்மரபணு எக்சு நிறப்புரியில் உள்ளது. அந்நிறப்புரி ஒன்றே உடைய ஆண்மக்களே அதற்கு மிகுதியும் இரையாகின்றனர். இதை அரைகுறையாய் அறிந்தோர் பெற்ற தாயின் மேல் பழி சுமத்துவதும் உண்டு. ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர்க்கு அப்பழுது தாய்வழி வாராமல் புதிதாகவே தோன்றுகின்றது என்பதையும், தாய்வழி வந்தவிடத்தும் அவள் அறிந்து கொடுத்தது அன்று என்பதையும் அவர்கள் எண்ணுவதில்லை. தரையிலிருந்து எழும் சிறுவன் முதலில் தன் தொடைமேல் கையூன்றி எழுவான்; பின்னர் மாடிப்படி அவனுக்கு மலையாகும்; பள்ளிப் பருவம் முடியுமுன்னரே நடை நின்று போகும்; இறுதியில் மூச்சிழுக்கும் தசையும் நெஞ்சாங்குலையும் தளரும். அப்புரதம் இன்னதென்று 1987-இல் கண்டறிந்தனர். 2023-இல் அமெரிக்க அரசு மரபணு மருத்துவம் ஒன்றிற்கு ஒப்புதலும் தந்தது. ஆயினும், நோயை அறவே நீக்கும் மருந்து இன்னும் வரவில்லை.

உருளிருக்கையில் வளர்ந்த மாட்சு, கணிப்பொறி விளையாட்டுகளில் ஆழ்ந்தான். விரல்கள் மட்டுமே அசைந்த நிலையிலும் அவனுக்கென்று அமைத்த கருவிகளைக் கொண்டு ஆடினான். இறுதிப் பத்தாண்டுகளில் அவன் அவ்வாறு கழித்த பொழுது 15,000 முதல் 20,000 மணி வரை இருக்குமென்று கணக்கிட்டுள்ளனர். பெற்றோர் அவனை அன்போடு பேணினர். ஆனால் இரவெல்லாம் திரையின் முன் அமர்ந்திருக்கும் மகனைக் கண்டு உள்ளம் நொந்தனர். நட்பு என்பதையும் காதல் என்பதையும் பிறர்க்குப் பயன்பட வாழ்தல் என்பதையும் அறியாமலே அவன் போகின்றான் என்பதே அவர்கள் துயரம். அவன் இறந்த நாளிலும் அத்துயரமே பெரிதாக நின்றது.

அவன் வலைப்பதிவு ஒன்று எழுதி வந்தான். அதன் கடவுச்சொல் தந்தையிடம் இருந்தது. மகன் மறைந்தான் என்ற செய்தியை அதில் எழுதி, தம் மின்மடல் முகவரியையும் சேர்த்தார் அவர். மடல்கள் வரத் தொடங்கின. ஒன்றன்பின் ஒன்றாக, பல நாடுகளிலிருந்து, பக்கம் பக்கமாக வந்தன. எழுதியவர்கள் மாட்சைக் கண்ணால் கண்டவர்கள் அல்லர். ‘வேர்ல்டு ஆவ் வார்கிராப்டு’ என்னும் விளையாட்டுலகில் ‘இபெலின்’ என்ற பெயரோடு உலவிய துப்பறிவாளனை அறிந்தவர்கள். ‘சுடார்லைட்டு’, அதாவது விண்மீனொளி, என்ற குழுவில் அவனோடு ஆண்டுக்கணக்கில் உரையாடியவர்கள்.

நெதர்லாந்துச் சிறுமி ஒருத்தியின் கணிப்பொறியைப் பெற்றோர் பறித்துக் கொண்டபோது, அவள் நிலையை விளக்கி அவர்களுக்கு மடல் எழுதியவன் அவன். தென்மார்க்கில், மதியிறுக்கமுடைய மகனை நெருங்க வழி தெரியாது தவித்த ஒரு தாய்க்கு, அவனோடு சேர்ந்து விளையாடுமாறு அறிவுரை கூறியவன் அவன். தாய்க்கும் மகனுக்கும் இடையில் இருந்த தொலைவு அதனால் குறைந்தது. ஓசுலோவில் நடந்த இறுதி வணக்கத்திற்கு நெதர்லாந்து, தென்மார்க்கு, பின்லாந்து, இங்கிலாந்து ஆகிய நாடுகளிலிருந்து ஐவர் வந்தனர். வரப் பொருளில்லாதார்க்குக் குழுவினரே பணம் திரட்டித் தந்தனர். குழுவின் கொடி அவன் பேழைமேல் போர்த்தப் பெற்றது. மகனுக்குத் தோழர் இல்லையென்று கலங்கிய பெற்றோர், அவன் தோழர்களை அங்குத்தான் முதன்முதலில் கண்டனர்.

இதைக் கொண்டு அவனை மாசற்ற மறவனாக்கி ஏத்துவதும் பிழையே. தோழர் சிலரைப் புண்படுத்தி, பின்னர் அதற்காக வருந்தியும் இருக்கின்றான். நோயை அவன் வென்றான் என்று மேடையில் முழங்குவதும் பொருந்தாது. நோய் அவனை 25 அகவையில் கொண்டு போயிற்று. அவனைப் போலத் திரையின் முன் அமர்வோர் எல்லாரும் உறவு வளர்க்கின்றனர் என்பதும் இல்லை. பொழுதைப் பாழாக்குவோரே பலர்.

எண்ணத் தக்கது வேறொன்று. தன் நோயை அவன் அத்தோழர்களிடம் பல ஆண்டுகள் மறைத்தே வைத்திருந்தான். 2013 அளவில்தான் வலைப்பதிவின் வழியே வெளிப்படுத்தினான். மறைத்ததற்குக் கரணியம் அவனிடம் இல்லை; பார்ப்போர் கண்ணில் இருந்தது. உருளிருக்கையைக் கண்டவர்கள் அதில் இருப்பவனைக் காண்பதில்லை. இரக்கம் காட்டுவர், அறிவுரை கேட்க மாட்டார். அதனால்தான் எவரும் தன் உடலைக் காணாத இடத்தில் அவன் தன் அறிவைக் கொண்டு நட்புத் தேடினான். ‘ஊனமுற்றோர்’ என்றதை ‘மாற்றுத்திறனாளி’ என்று தமிழிற் சொல் மாற்றியது நன்றே. ஆனால் அச்சொல்லைச் சொல்லும் வாயே, எதிரில் இருப்பவனை விடுத்து, உருளிருக்கையைத் தள்ளி வருபவரிடம் ‘இவருக்கு என்ன வேண்டும்?’ என்று கேட்கின்றது!

அவனுக்குக் கிட்டிய வாய்ப்புகளையும் மறத்தலாகாது. இரவும் பகலும் உடனிருக்கும் துணையாளர்கள் இருந்தனர். தக்க கருவி இருந்தது. தாங்கும் பொருள்வளமுடைய குடும்பமும் நாடும் இருந்தன. இவை இல்லாத வீட்டில் அதே நோயுடன், அதே அறிவுடன் ஒருவன் இருப்பானாயின், அவன் உரைக்கும் அறிவுரை எவர் செவியையும் எட்டாது. அவனைச் சுவருக்குள் அடைத்தது தசை மட்டுமே என்று கூறிவிடல் இயலுமா?

குழுவினர் சேமித்து வைத்த விளையாட்டு உரையாடல்கள் ஏறத்தாழ 42,000 பக்கங்கள். அவற்றைக் கொண்டு நார்வே இயக்குநர் பெஞ்சமின் இரீ எடுத்த ஆவணப்படம், 2024-இல் அமெரிக்கச் சன்டான்சு விழாவில் பார்வையாளர் விருது பெற்றது. அவ்விளையாட்டுலகில் இபெலின் நாள்தோறும் ஒரு வழியில் ஓடுவது வழக்கம். கால்கள் நின்று போனவன் அங்கே அரைமணி நேரம் ஓடுவான். அவன் மறைந்த பின்னரும் தோழர்கள் ஆண்டுதோறும் அங்கே ஒன்றுகூடி, அவன் ஓடிய அதே வழியில் ஓடி வந்தனர்.