வீடும் வளவும்: நீள முதுகு நாயை வீட்டுக்குக் கொண்டுவரும் முன்



வன்னியிலிருந்து ஒரு தாயார் கடிதம் எழுதியிருக்கிறார். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். அவர் வீட்டில் தனிய. "அம்மா, உங்களுக்குத் துணையாக ஒரு சாதி நாய்க்குட்டி வாங்கித் தாறன்" என்று மகன் சொல்லி, கைத்தொலைபேசியில் படமும் அனுப்பியிருக்கிறார். குட்டைக் கால், நீண்ட உடம்பு, தொங்கும் காது. "இது என்ன நாய்? நான் இதை வளர்க்கலாமா?" என்று கேட்கிறார்.

படத்தில் உள்ளது டக்ஸ்ஹுண்ட் என்னும் இனம். பார்த்தவுடன் தூக்கத் தோன்றும். ஆனால் அதை எப்படித் தூக்குவது என்பதிலிருந்தே படிக்க வேண்டியிருக்கிறது. இந்த நாயின் அழகும் வருத்தமும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன. அது அதன் முதுகு. ஆகவே குட்டியை வாங்கும் முன்னர் அறிய வேண்டியவற்றை இம்மாதம் பார்ப்போம்.

எங்கிருந்து வந்தது?

இதன் தாயகம் ஜேர்மனி. அந்த நாட்டு மொழியில் 'டக்ஸ்' என்பது நிலத்தில் வளை தோண்டி வாழும் ஒரு காட்டுப் பிராணி. 'ஹுண்ட்' என்றால் நாய். அந்தப் பிராணியை வளைக்குள் நுழைந்து பிடிப்பதற்கென்றே வேட்டைக்காரர் இந்த நாயைத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து வளர்த்தனர். வளைக்குள் புக நீண்ட ஒடுங்கிய உடம்பு, மண்ணைப் பறிக்கக் குட்டையான பலமான கால்கள், வெளியே நிற்பவருக்குக் கேட்கும்படி கனத்த குரல், கூரிய பல்லுள்ள பிராணியை இருட்டில் தனியே எதிர்க்கும் துணிவு எல்லாம் அதற்காக வந்தவை. 1888 இல் ஜேர்மனியில் இந்த இனத்துக்கெனத் தனிக் கழகமே அமைக்கப்பட்டது.

போர் இந்த நாயையும் விட்டுவைக்கவில்லை. 1914 முதல் 1918 வரை நடந்த முதலாம் உலகப் போரின்போது பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் ஜேர்மனியோடு தொடர்புடைய எல்லாவற்றின் மீதும் வெறுப்பு எழுந்தது. பிறந்த நாட்டின் பெயரால் இந்த நாயும் வெறுக்கப்பட்டது. அதை வளர்ப்போர் தொகை அங்கே வெகுவாகக் குறைந்தது. பின்னர் காலம் மாறியது. 1972 இல் மியூனிக் நகரில் நடந்த ஒலிம்பிக் போட்டிக்குச் சின்னமாக 'வால்டி' என்ற பெயரில் நிறுத்தப்பட்டதும் இதே நாய்தான்.

இதில் பெரியது, சிறியது என இரு அளவுகள் பொதுவாக உண்டு. பெரியது 7 முதல் 14 கிலோ வரை இருக்கும். சிறியது ஏறத்தாழ 5 கிலோ. உரோமத்தில் வழுவழுப்பானது, நீளமானது, முரடானது என மூன்று வகை. எங்கள் வெக்கைக்கும் உண்ணிக்கும் வழுவழுப்பான குறுகிய உரோமமே பராமரிக்க இலகு.

முதுகில் உள்ள ஆபத்து

முள்ளந்தண்டு எலும்புகளுக்கு இடையில் மெத்தை போன்ற இடைத்தட்டுகள் இருக்கின்றன. மற்றைய பல நாய்களில் இவை வயது போகும் வரை மென்மையாக இருக்கும். டக்ஸ்ஹுண்டில் ஒரு வயதுக்குள்ளேயே காய்ந்து இறுகத் தொடங்கிவிடும். ஒரு நாள் அது பிதுங்கி, முண்ணாண் என்னும் நரம்பு வடத்தை அழுத்தும். நோ எடுக்கும். கடுமையாக அழுத்தினால் பின்னங்கால்கள் விழுந்துவிடும்.

இது எப்போதோ ஒன்றுக்கு வரும் நோயல்ல. இந்த இனத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு நாய்க்கு வாழ்நாளில் இந்த வருத்தம் வருகிறது. பெரும்பாலும் 3 முதல் 7 வயதுக்குள் வரும். குட்டைக் காலுக்குக் காரணமான மரபணு மாற்றத்தை 2009 இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். அதே மரபணுவின் இன்னொரு பிரதி இடைத்தட்டு நோயோடு தொடர்புடையது என்பது 2017 இல் வெளியாயிற்று. ஆகவே இது முழுவதும் வளர்ப்பவரின் பிழையால் வருவதல்ல, பிறப்போடு வருவது. நாம் செய்யக்கூடியது ஆபத்தைக் குறைப்பது.

• தூக்கும்போது ஒரு கையை நெஞ்சின் கீழும் மறு கையைப் பின்பக்கத்தின் கீழும் கொடுத்து, முதுகு மட்டமாக இருக்கத் தூக்க வேண்டும். முன்னங்கால்களைப் பிடித்துத் தொங்கவிட்டுத் தூக்கவே கூடாது. வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கு இதை முதல் நாளே பழக்குங்கள்.

• கட்டில், கதிரை, திண்ணை ஆகியவற்றில் பாய்ந்து ஏறவும் குதித்து இறங்கவும் விடக் கூடாது. வாசற்படி உயரமாக இருந்தால் ஒரு பலகையைச் சரிவாக வைத்து, வழுக்காமல் அதன் மேல் சாக்கு ஒன்றை ஆணியடித்து விடுங்கள்.

• வழுக்கும் சீமெந்து நிலத்தில் பாய் அல்லது சாக்கு விரியுங்கள்.

• கழுத்துப்பட்டியில் கட்டி இழுக்காமல், நெஞ்சைச் சுற்றிப் போடும் பட்டியைப் பாவியுங்கள்.

• உடம்பு வைக்க விடாதீர்கள். இதுவே எல்லாவற்றிலும் முக்கியம்.

இந்த அறிகுறிகளைக் கண்டால்

வழக்கமாக ஏறும் படியில் ஏற மறுத்தல், தூக்கும்போது கத்துதல், முதுகைக் கூனிக்கொண்டு நிற்றல், நடுங்குதல், பின்னங்கால்கள் பின்னிக்கொள்ளுதல், காலை இழுத்து நடத்தல், சிறுநீர் கழிக்க முடியாமை. இவற்றில் ஒன்றைக் கண்டாலும் "நாளைக்குப் பார்ப்போம்" என்று இருக்க வேண்டாம். கால்கள் விழுந்திருந்தால் மணித்தியாலங்களே கணக்கு. சத்திரசிகிச்சை தாமதமாகத் தாமதமாக மீண்டும் நடக்கும் வாய்ப்புக் குறையும். நாயைப் பலகையிலோ பெட்டியிலோ அசையாமல் கிடத்தி மிருக வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள். மோட்டார் சைக்கிளில் மடியில் வைத்துக் கொண்டு போக வேண்டாம்.

வீட்டில் இருக்கும் நோ மாத்திரைகளைக் கொடுக்காதீர்கள். பனடோல், டைக்குளோபினாக், இபுபுறுபன் போன்ற மனிதருக்கான மருந்துகள் நாயின் ஈரலையும் சிறுநீரகத்தையும் வயிற்றையும் கெடுக்கக் கூடியவை. நோ குறைந்ததும் நாய் ஓடத் தொடங்கி முதுகு மேலும் பழுதாகும் ஆபத்தும் உண்டு.

இலேசான நிலையில், வைத்தியர் தரும் மருந்தோடு சிறிய கூட்டுக்குள் 4 முதல் 6 கிழமை வரை முழு ஓய்வு கொடுத்தால் பல நாய்கள் தேறிவிடும். மலசலம் கழிக்க மட்டும் தூக்கிச் சென்று இறக்க வேண்டும். கால்கள் திரும்பாவிட்டால் ஒரு நாளில் பல தடவை சிறுநீர்ப்பையை மெல்ல அழுத்தி வெறுமையாக்க வேண்டும். படுக்கைப்புண் வராமல் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். தோலை ஈரமில்லாமல் வைத்திருக்க வேண்டும்.

முள்ளந்தண்டில் காயம் பட்டால் என்ன நேரும் என்பதை எங்கள் வாசகியருக்கு விளக்கத் தேவையில்லை. தாங்களே சக்கர நாற்காலியில் இருப்பவர்களும், அப்படியான பிள்ளையை அல்லது கணவரைப் பராமரிப்பவர்களும் இதை வாசிக்கிறீர்கள். அந்தப் பராமரிப்பின் நேரமும் உடல் உழைப்பும் செலவும் உங்களுக்குத் தெரியும். கால் விழுந்த நாயும் அன்போடு, மகிழ்ச்சியோடு வாழும் என்பதும் உண்மை. சிறு சக்கர வண்டியில் பின்பாகத்தை ஏற்றிக்கொண்டு ஓடித்திரியும் டக்ஸ்ஹுண்டுகள் உலகில் பல உள்ளன. ஆனால் அந்தப் பொறுப்பு வரக்கூடும் என்று தெரிந்தே குட்டியை ஏற்க வேண்டும். முதுகுச் சத்திரசிகிச்சை எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. அது தேவைப்பட்டால் எங்கே கொண்டுபோக வேண்டும், எவ்வளவு முடியும் என்பதை உங்கள் பகுதி மிருக வைத்தியரிடம் வாங்குவதற்கு முன்பே கேளுங்கள்.

குணம் எப்படி?

வீட்டுக்காரரிடம் ஒட்டிக்கொள்ளும். போர்வைக்குள் புகுந்து படுக்கப் பிரியப்படும். புத்தி கூர்மை. அதேயளவு பிடிவாதமும் உண்டு. அடித்துப் பழக்க முடியாது. சிறு துண்டு இறைச்சியைக் காட்டிப் பொறுமையோடு பழக்கினால் பழகும்.

குரல் உடம்பை விடப் பெரிது. படலையில் ஆள் வந்தால் அறிவிக்கும். ஆனால் இரவுக் குரைப்பைக் கேட்டால் நெஞ்சு பதறுகிறவர்கள் எங்களில் இருக்கிறார்கள். அவர்கள் இதை நன்றாக யோசிக்க வேண்டும். அந்நியர் மீது சினமும் இந்த இனத்தில் கூடுதல். 2008 இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், மனிதரிடமும் பிற நாய்களிடமும் சராசரியை விட அதிகமாகச் சீறும் இனங்களில் ஒன்றாக டக்ஸ்ஹுண்ட் காணப்பட்டது. சிறிய நாய் என்று அலட்சியமாக இருந்து சின்னப் பிள்ளையைத் தனியே அதனிடம் விடக் கூடாது.

கோழி வளர்த்துச் சீவியம் நடத்தும் சகோதரிகள் இன்னொன்றைக் கவனியுங்கள். வேட்டைக் குணம் இதன் இரத்தத்தில் உள்ளது. குஞ்சுகளைத் துரத்தும். வேலியின் கீழ் மண்ணைப் பறித்துக்கொண்டு வெளியேறும். மரக்கறிப் பாத்தியையும் கிளறும். அதைவிடப் பெரிய பயம் பாம்பு. பொந்து கண்டால் மூக்கை நுழைக்கும் நாய் இது. எங்கள் வளவுகளிலோ புற்றும் விறகுக் கும்பமும் பற்றையும் உண்டு. நாகமும் கண்ணாடி விரியனும் அங்கே ஒதுங்கும். ஆகவே கண்காணிப்பு இல்லாமல் வளவில் அவிழ்த்துவிட முடியாது.

காலடியில் ஓடித்திரியும் தாழ்ந்த நாய் இடறி விழுத்தவும் கூடும். செயற்கைக் காலோடு அல்லது ஊன்றுகோலோடு நடப்பவர்களும், கண் பார்வை மங்கியவர்களும் இதை மனதில் வைத்திருங்கள்.

சாப்பாடும் தடுப்பூசியும்

சோறும் அவித்த மீனும் அல்லது இறைச்சியும், உறைப்பும் உப்பும் சேர்க்காமல், அளவாகக் கொடுக்கலாம். கெஞ்சுகிறதே என்று பாணும் பிஸ்கட்டும் போட்டுக்கொண்டிருந்தால் முதுகு தாங்காது. விலாவைத் தடவும்போது எலும்பு கையில் தட்டுப்பட வேண்டும். வெங்காயம், சொக்கலேட், முந்திரிகை வற்றல், அவித்த கோழி எலும்பு ஆகியவற்றைக் கொடுக்கக் கூடாது.

வயிறு புல்லில் உரசும் நாயாதலால் உண்ணி இலகுவில் ஏறும். உண்ணியால் வரும் காய்ச்சல் நாயைக் கொல்லும். தினமும் காதின் உட்புறம், அக்குள், விரலிடுக்கு ஆகிய இடங்களைப் பார்த்துக் களையுங்கள்.

எந்த நாயானாலும் விசர்நாய்த் தடுப்பூசி கட்டாயம். சுகாதாரப் பகுதியினர் இதை இலவசமாகப் போடும் நாட்கள் உண்டு. உங்கள் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் விசாரியுங்கள். ஊசி அட்டையைக் கவனமாக வைத்திருங்கள். நாயைப் பிரதேச சபையில் பதிவு செய்வதும் சட்டப்படியான கடமை. நாய் கடித்தாலோ பிறாண்டினாலோ, அது வீட்டு நாயே ஆனாலும், காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி உடனே அரச வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

குட்டியைத் தெரிவு செய்யும்போது

தாய் நாயை நேரில் பாருங்கள். தாய்க்கோ தகப்பனுக்கோ முதுகு வருத்தம் வந்திருந்தால் அந்தக் குட்டி வேண்டாம். 8 கிழமைக்கு முன் தாயிடமிருந்து பிரித்த குட்டியை வாங்காதீர்கள். படத்தைப் பார்த்து மட்டும் காசு அனுப்ப வேண்டாம் என்று வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்.

குட்டி விற்று வருமானம் தேடலாமா என்றும் சிலர் யோசிப்பதுண்டு. டென்மார்க், பின்லாந்து போன்ற நாடுகளில் இனம் பெருக்குமுன் முதுகை எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்துப் பார்க்கும் வழக்கம் இருக்கிறது. அந்த வசதியின்றிக் குட்டி போட விடுவது நோயையும் சேர்த்து விற்பதாகும். திட்டுத் திட்டான நிறமுள்ள இரு நாய்களை ஒருபோதும் சேர்க்கக் கூடாது. பிறக்கும் குட்டிகளில் சில குருடாகவோ செவிடாகவோ இருக்கும்.

யாருக்குப் பொருந்தும்?

வேலியடைத்த சிறு வளவு, நாள் முழுதும் வீட்டில் ஆள், குனிந்து தூக்கக் கூடிய உடல்நிலை, வைத்தியருக்கென ஒதுக்கக் கூடிய கொஞ்சப் பணம் ஆகியவை உள்ளவருக்கு டக்ஸ்ஹுண்ட் நல்ல துணை. கடிதம் எழுதிய தாயார் தனக்கு முழங்கால் வருத்தம் என்றும், பத்துக் கோழிகள் நிற்கின்றன என்றும் எழுதியிருக்கிறார். அவருக்கு இந்த நாய் பொருந்தாது என்றே சொல்வேன். துணை வேண்டுமென்ற அவருடைய ஆசை நியாயமானது. அதற்குத் தெருவோரம் யாரோ விட்டுப்போன ஊர்க் குட்டி ஒன்றை எடுத்து, ஊசி போட்டு, கருத்தடையும் செய்து வளர்க்கலாம். எங்கள் வெயிலுக்கும் சாப்பாட்டுக்கும் பழகியது அது. முதுகும் உறுதியானது. மகன் அனுப்பும் காசு அதன் மருந்துக்கும் வேலியைத் திருத்தவும் உதவும்.

டக்ஸ்ஹுண்ட் 12 முதல் 15 ஆண்டுகள் வரை வாழும். இடப்பெயர்வுகளின்போது நாயை அவிழ்த்துவிட்டு, அது படலை வரை பின்னால் வந்ததைத் திரும்பிப் பாராமல் நடந்தவர்கள் எங்களில் பலர். அதனால் சிலர் இனி நாயே வேண்டாம் என்கிறார்கள். சிலருக்கு அதனாலேயே இன்னொரு நாய் வேண்டியிருக்கிறது. இரண்டும் பிழையில்லை. வளர்ப்பதாயின், பிள்ளைகளின் விசா, உங்கள் உடல்நலம், நீங்கள் வெளியூர் போனால் பார்க்க ஓர் அயலவர் ஆகிய மூன்றையும் யோசித்துவிட்டு முடிவெடுங்கள்.

அடுத்த மாதம் உண்ணி, தெள்ளுத் தொல்லையைக் குறைந்த செலவில் கட்டுப்படுத்துவது பற்றிப் பார்ப்போம்.